அந்தத் திரை மூன்று முறை கேட்டது

ஃபல்டிச்செனி, ருமேனியா
14 டிசம்பர் 2010

டோம்னிகா,

நான்கு நாளாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அதனால்தான் இத்தாலிக்கு ஓடுகிற ஃபனெலின் வேனில் இந்தக் கடிதம். வியாழக்கிழமை கிளம்பி சனிக்கிழமை ட்ரெவிசோ வந்துவிடுவேன் என்கிறான். கூடவே பிளம் ஜாம் இரண்டு பாட்டில், புகையில் வாட்டிய இறைச்சி ஒரு துண்டு. பாட்டிலை நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் வண்டியில் பாட்டுக் கேட்பானே தவிர, நாம் சொல்வதைக் கேட்க மாட்டான்.

நீ வேலை பார்க்கிற வீட்டுப் பெரியவர் போனது வருத்தம்தான். மூன்று வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாய். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

லேப்டாப் விஷயம். போனில் என்னை முடிக்க விடாமல் வைத்துவிட்டாய். ஆகஸ்டில் அதை இங்கே விட்டுப் போகும்போது நீதானே சொன்னாய், "இது ஆமை மாதிரி நகருது, நீ எலெக்ட்ரீஷியன்தானே, கொஞ்சம் பாரேன்" என்று? பால் தொழிற்சாலையில் வேலை மும்முரம். அக்டோபரில்தான் கையில் எடுத்தேன். அதோடு வந்த சின்னப் புத்தகத்தில் 'மீட்பு' என்று ஒரு பக்கம். கணினி விழிக்கும்போது ஒரு விசையை அழுத்திப் பிடித்தால், ஹார்டு டிஸ்க்கில் ஒளிந்திருக்கும் மீட்புப் பகுதி எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்று போட்டிருந்தது. மீட்பு என்றால் மீட்பதுதானே? உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் போகும் என்று எனக்கு என்ன தெரியும்? எல்லாம் இத்தாலிய மொழியில் வேறு. 'ஆம்' என்று இருந்த இடத்தில் அழுத்திக்கொண்டே போனேன். முடிந்ததும் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் பளிச்சென்று வந்து நின்றது.

அதில் இருப்பதை யாருக்கோ கொடுத்தாக வேண்டும் என்றாயே, அந்த யாரோ என்னை மன்னிக்கட்டும். அவ்வளவு வேண்டியவர் என்று எனக்குத் தெரியாது.

காவ்ரில்


ட்ரெவிசோ
21 டிசம்பர் 2010

காவ்ரில்,

ஜாம் ஒரு பாட்டில் உடைந்துவிட்டது. இறைச்சியெல்லாம் ஜாம்.

போனில் பேசினால் கத்துவேன். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அந்த யாரோ ஒரு மகன். பெரியவர் பொர்தொலோவின் ஒரே மகன், பெயர் எத்தோரே. சைக்கிள் பட்டறையை எடுத்து நடத்த மாட்டேன் என்றதற்காக அப்பா அவரை வீட்டை விட்டு அனுப்பினார். பத்தொன்பது வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. போன வருஷம் ஜனவரியில் பெரியவர் ஒரு நாள் காப்பி குடித்துவிட்டு என்னிடம், "உனக்கு டைப் அடிக்க வரும்ல? நான் சொல்றதை அடி. நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாதே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு மதியமும். அவருக்குக் கை நடுக்கம், பேனா பிடிக்க முடியாது. மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் எனக்குச் சொன்னார். ஜூலை கடைசிவரை நூற்றுப் பதினெட்டுப் பக்கம். "நான் போன பிறகு குடு. இருக்கும்போது குடுத்தா அவன் வந்து நிப்பான், நான் மறுபடி எதையாவது சொல்லிக் கெடுத்துடுவேன்" என்றார்.

அடக்கத்தின்போது எத்தோரே கல்லறைக்குத் தள்ளி, மரத்தடியில் நின்றார். நானே போய்ச் சொன்னேன், "உங்க அப்பா உங்களுக்கு நிறைய சொல்லி வச்சிருக்கார்" என்று. "எங்கிட்டயா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். கிறிஸ்துமஸுக்குள் கையில் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை போன் செய்து, "அவசரம் இல்லைம்மா, சும்மாதான் கேட்டேன்" என்றார்.

அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

என் மேலும் தப்பு இருக்கிறது. பென் டிரைவ் வாங்கிக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். ஆகஸ்டில் கிளம்புகிற அவசரத்தில் நகல் எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

டோம்னிகா


ஃபல்டிச்செனி
4 ஜனவரி 2011

டோம்னிகா,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்துதான் வந்தது. நான்கு தடவை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த நூற்றுப் பதினெட்டுப் பக்கமும் பெரியவர் சொன்னதுதானா? எல்லாமே? கடைசிப் பக்கமும்? எத்தோரேவுக்கு இப்போது என்ன வயது இருக்கும்?

ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

சுச்சாவாவில் அழிந்ததைத் தோண்டி எடுக்கிற ஒருவர் இருக்கிறார் என்றார்கள். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அதுக்கப்புறம் இதுல எதாவது போட்டீங்களா?" என்பதுதான். போட்டேன். நீ போனை வைத்த பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து நம் கல்யாண வீடியோ முழுவதையும் அதில் ஏற்றினேன். உன் தங்கை வீட்டு ஞானஸ்நானப் படங்களையும் ஏற்றினேன். லேப்டாப் உன் கைக்கு வரும்போது வெறுமையாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அழிஞ்சது உடனே போயிடாது சார், மேல எதாவது எழுதற வரைக்கும் அடியில கிடக்கும். நீங்க நாலு மணி நேரக் கல்யாணத்தைத் தூக்கி அது மேலயே வச்சிருக்கீங்க" என்றார். இருந்தாலும் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் எதைச் செய்தாலும் தப்பாகவே முடிகிறது.

காவ்ரில்


ட்ரெவிசோ
13 ஜனவரி 2011

காவ்ரில்,

இங்கே ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு கணினிக் கடை. லுட்மிலா என்று ஒரு மால்டோவாப் பெண் வேலை செய்கிறாள். இழந்ததை எப்படியாவது எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் போனேன். வேறு ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்தேன்.

அவள் சொன்னாள்: "அக்கா, மீட்புன்னா உங்க சாமானை மீட்டுக் குடுக்கும்னு நெனச்சுக்காதீங்க. ஹார்டு டிஸ்க்ல ஒரு மூலையைத் தடுத்து, புதுசா வித்த அன்னிக்கு மெஷின் எப்படி இருந்துச்சோ அதோட நகலைப் பூட்டி வச்சிருப்பாங்க. உங்க கடுதாசி, படம் எதுவும் அதுக்குத் தெரியாது. முதல் நாள் மட்டும்தான் தெரியும்." சரி, நீயும் என்னைப்போல் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று அதுவரை நம்பினேன்.

பிறகு கடையிலிருந்த அதே மாதிரி ஒன்றில் செய்தும் காட்டினாள். விசையை அழுத்தியதும் எதுவும் அழிவதில்லை காவ்ரில். முதல் திரை, உங்கள் கோப்புகளை முதலில் வேறெங்காவது எடுத்து வைக்கட்டுமா என்று கேட்கிறது. இரண்டாவது திரை, கணினி ஓடுகிற பாகத்தை மட்டும் புதுப்பிக்கவா, முழு டிஸ்க்கையுமா என்று கேட்கிறது. பாகம் மட்டும் என்பதில்தான் குறி முதலிலேயே இருக்கிறது. சும்மா 'ஆம், ஆம்' என்று அழுத்திக்கொண்டே போனால் அதுதான் நடக்கும். நான் பெரியவரின் பக்கங்களை வைத்திருந்தது டிஸ்க்கின் மற்ற பாதியில். அதில் ஒரு எழுத்துகூடப் போயிருக்காது.

முழு டிஸ்க் வேண்டும் என்றால் கையால் குறியை மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு மூன்றாவது திரை சிவப்பில் வரும். எல்லாம் அழியும், திரும்ப எடுக்க முடியாது, சம்மதமா என்று. அந்தக் கட்டத்தில் நாமே 'சரி' குறி போட்டால்தான் மேலே போகும்.

நீ இஸ்திரிப்பெட்டி வாங்கினால்கூட அதன் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் செருகுவாய். கெட்டில் வாங்கியபோது என்னைத் தண்ணீர் ஊற்றவே விடவில்லை.

அந்தத் திரை மூன்று முறை கேட்டது. நீ மூன்று முறையும் தெரிந்தேதான் பதில் சொன்னாய். ஏன்?

டோம்னிகா


ஃபல்டிச்செனி
24 ஜனவரி 2011

டோம்னிகா,

ஆமாம். தெரிந்தேதான்.

அக்டோபர் பதினேழு, ஞாயிறு மதியம். இறைச்சி வைத்த முட்டைக்கோஸ் சுருள்களைச் சூடாக்க அடுப்பில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தபோது மற்ற பாதியில் ஒரு ஃபோல்டர். பெயர் 'எத்தோரே'. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. திறந்தேன். கடைசியாக எழுதியது மேலே இருந்தது. நீ இங்கே வருவதற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

எனக்கு எவ்வளவு இத்தாலிய மொழி தெரியும் என்று உனக்குத் தெரியும். பெயர் புரிந்தது. 'அந்த வீட்டுக்கு இனி நான் திரும்ப மாட்டேன்' என்பது புரிந்தது. 'அங்கே எனக்கு யாரும் இல்லை' புரிந்தது. 'இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு' புரிந்தது. கடைசியில் 'தி வோல்யோ பேனெ'. அகராதியை எடுத்துப் பார்த்தேன். வோல்யோ, வேண்டும். பேனெ, நன்றாக. எனக்கு நீ நன்றாக வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன். 'அந்த வீடு' என்பது நான் உட்கார்ந்திருந்த வீடு என்று நினைத்தேன்.

அடுப்பில் சுருள்கள் தீய்ந்து புகை வந்த பிறகுதான் எழுந்தேன்.

எல்லாம் இத்தாலிய மொழியில் இருந்ததால் புரியாமல் அழுத்தினேன் என்று எழுதினேனே, அது பொய். அந்த மூன்று திரைகளிலும் இருந்த ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்த பிறகே அழுத்தினேன். 'வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த லேப்டாப்பை நீ அங்கே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? நீ முதல் தடவை இத்தாலியிலிருந்து திரும்பி வந்தபோது. இரண்டு பேரும் மேஜை மேல் வைத்து, யார் முதலில் தொடுவது என்று சண்டை போட்டோம். அந்த வரியைப் படித்ததும் குறியை மாற்றினேன். ஒரு கடிதத்தை அழித்தால் அந்த ஆளும் இல்லாமல் போவான் என்று நினைத்த முட்டாள் நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் பெரியவரின் சர்க்கரையைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் பேசுவாய். இன்று சொல்லிவிடுவாள், இன்று சொல்லிவிடுவாள் என்று காத்திருப்பேன். "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "வேற என்ன இருக்கு?" என்றாய்.

ஒரே ஒரு தடவை 'எத்தோரே யாரு?' என்று கேட்டிருக்கலாம். நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், கேட்கவிடவில்லை.

செத்துப்போன ஒரு மனிதரின் வாயை நான் பொத்திவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்த மகனிடம் எப்படிக் கேட்பது?

காவ்ரில்


ட்ரெவிசோ
22 பிப்ரவரி 2011

காவ்ரில்,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் வசவாக வந்தது. கிழித்துப் போட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் உன்னோடு இருந்திருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு பக்கம் போதுமாயிருந்ததா உனக்கு? அதுவும் பாதி புரிந்த பக்கம்?

'தி வோல்யோ பேனெ' என்பதை இங்கே காதலனுக்கென்று மட்டும் சொல்வதில்லை. அம்மாவுக்குச் சொல்வார்கள், பிள்ளைக்குச் சொல்வார்கள். நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். 'அந்த வீடு' மலையில் இருக்கிற அவர்களுடைய பழைய வீடு. மகனைத் துரத்திய வீடு. மனைவியும் போன பிறகு பெரியவர் அதைப் பூட்டிவிட்டு இங்கே வந்தார்.

எத்தோரேவிடம் உண்மையைச் சொன்னேன். "அழிஞ்சு போச்சு" என்றேன். "தானா அழிஞ்சதா?" என்றார். "என் வீட்டுக்காரர் அழிச்சார். என்னையும் உங்களையும் தப்பா நெனச்சுட்டார்" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அதுல என்ன இருந்துச்சு? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ட்ரியெஸ்டேயிலிருந்து ரயிலில் வருகிறார். நிலையத்தின் காப்பிக் கடையில் உட்கார்ந்து சொல்கிறேன். பட்டறைக் கதவைப் பெரியவர் அன்று ஏன் சாத்தினார், சாத்திய பிறகு உள்ளே எவ்வளவு நேரம் நின்றார், மகனுடைய சைக்கிளை ஏன் கடைசிவரை விற்கவில்லை. எத்தோரே கேட்கிறார், தலையாட்டுகிறார். போன சனிக்கிழமை மெதுவாகச் சொன்னார்: "நடந்தது எல்லாம் தெரியுது டோம்னிகா. ஆனா பேசறது நீங்கதான். அவர் பேசற மாதிரி வரல."

அவர் சொன்னது நிஜம். எனக்குக் கதை ஞாபகம் இருக்கிறது, வார்த்தை ஞாபகம் இல்லை. விரல் அடித்துக்கொண்டிருந்தது, மனம் எங்கேயோ இருந்தது. கடைசி நாள் எல்லாவற்றையும்விட மோசம். ஊருக்குக் கிளம்புகிற நினைப்பில் ஃபனெலுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்வது என்று யோசித்துக்கொண்டே அடித்தேன். மகனுக்கு அவர் சொன்ன கடைசி வார்த்தைகளில் ஒன்றைக்கூட என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

சுச்சாவாக்காரர் எதையாவது எடுத்தாரா?

டோம்னிகா


ஃபல்டிச்செனி
1 மார்ச் 2011

டோம்னிகா,

சுச்சாவாவில் கிடைத்ததை இந்த உறையில் வைத்திருக்கிறேன். ஆறு தாள். எதுவும் முழுதாக இல்லை. ஒரு வரியில் பாதி, அடுத்த வரியில் கிறுக்கல். "கல்யாணம் ரொம்ப கனம் சார்" என்றார் அவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு தாளும் இருக்கிறது. அதைத் தனியாக நீலக் கவரில் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அன்று திரையைப் பார்த்தபடியே அகராதி புரட்ட எனக்கு வரவில்லை. அதனால் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காகிதத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். மின்சார வரைபடம் எடுப்பதுபோல் பெரிய எழுத்தில், ஒரு புள்ளி விடாமல். நான் பயந்த வரிகளுக்கு மட்டும் கீழே பென்சிலால் நம் மொழியில் பொருள் எழுதினேன், மற்றதைத் தேடிப் பார்க்கவே இல்லை. அழித்து முடித்த பிறகும் இந்தத் தாளைக் கிழிக்கவில்லை. ஏன் தெரியுமா? நீ வந்து, அப்படி ஒன்றுமே இல்லை என்று சாதித்தால் உன் முகத்தில் எறிவதற்காக. மீட்டர் பெட்டிக்குள் சொருகி வைத்திருந்தேன். நான்கு மாதம் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் போய் வந்தேன்.

பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு அனுப்பலாம் என்று ரப்பரை எடுத்தேன். முதல் வரியைத் தேய்த்ததும் மேலே இருந்த இத்தாலிய எழுத்தும் மங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். என் அசட்டுத்தனமும் அதோடு வரட்டும். அவர் பார்க்கட்டும்.

இன்று மார்ச் ஒன்று, வசந்தத்துக்கு நூல் கொடுக்கிற நாள். சிவப்பு வெள்ளை நூலும் வைத்திருக்கிறேன். கட்டிக்கொள்ளப் பிடிக்காவிட்டால் கட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் உன்னிடம் எதையும் எதிர்பார்க்கலாமா என்று எழுதி, அந்த வரியை மூன்று தடவை கோடு போட்டு அடித்துவிட்டேன். நான்காவது தடவை அடிக்கவில்லை.

காவ்ரில்


ட்ரெவிசோ
15 மார்ச் 2011

காவ்ரில்,

நீலக் கவரைச் சனிக்கிழமை எத்தோரே கையில் கொடுத்தேன். யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நானும் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படிப்பதுபோல் படித்தேன். "எத்தோரே, அந்த வீட்டுக்கு இனி நான் திரும்ப மாட்டேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. சாவி அடுப்புக்கு மேலே இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் திற, வேண்டாமென்றால் இடிந்து போகட்டும். பட்டறையும் அப்படித்தான். சைக்கிளை விரும்பாதவனைச் சைக்கிளோடு கட்டிப்போடப் பார்த்தேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. கால் சில்லிட்டுப் போகிறது, இந்தப் பெண் கம்பளி எடுக்கப் போக வேண்டும், இன்றைக்கு இது போதும். தி வோல்யோ பேனெ."

கம்பளி வரி வந்ததும் எத்தோரே நிறுத்திவிட்டார். "இது அவர்தான்" என்றார். "மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருக்கும்போது கால் சில்லுன்னு இருக்குன்னு சொல்ற ஆளு அவர் ஒருத்தர்தான்." நான் அதையும் சேர்த்து அடித்திருக்கிறேன். அவர் நிறுத்து என்று சொல்லவில்லையே.

பிறகு தாளைத் திருப்பிப் பிடித்து, கடைசி வரிக்குக் கீழே பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். 'எனக்கு நீ நன்றாக வேண்டும்' என்று நீ எழுதியதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட முடியவில்லை. கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நூற்றுப் பதினேழு பக்கம் போனது போனதுதான். அதை அவரும் சொல்லிக்காட்டவில்லை, நானும் மறக்கப்போவதில்லை. நீயும் மறக்காதே.

இப்போது என்னுடையது ஒன்று. பெரியவர் மகனிடம் சொல்லாதே என்றுதான் கேட்டுக்கொண்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம், ஒவ்வொரு ஞாயிறும் சர்க்கரையையும் செருப்பையும் பற்றிப் பேசிவிட்டு இதை மட்டும் ஒதுக்கி வைத்தேன். மற்றவர் வீட்டில் மற்றவர் துணியைத் துவைத்துக்கொண்டு கிடந்தவளுக்கு, மதியம் ஒரு மணி நேரம் தனக்கென்று ஒன்று இருந்தது. அதைப் பங்குபோட மனம் வரவில்லை. நீ "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டபோது உன் குரல் மாறியிருந்ததும் எனக்குக் கேட்டது. களைப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். இது உன் தப்பைக் குறைக்காது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

கோபம் போகவில்லை. நீ அடிக்காமல் விட்ட வரிக்கு இன்று என்னிடம் பதில் இல்லை. ஊருக்கு வந்தால் எல்லோர் முன்னாலும் ஒன்றும் நடக்காததுபோல் சிரிக்க வேண்டியிருக்கும். அதனால் ஈஸ்டருக்கு நான் வரவில்லை. தொழிற்சாலையை எப்படியும் நான்கு நாள் மூடுவார்கள், மேலே மூன்று நாள் விடுப்பு எடு. நீ கிளம்பி வா. ஃபனெலிடம் முன் இருக்கை கேள், பின்னால் உட்கார்ந்தால் உனக்கு வயிற்றைப் புரட்டும்.

அந்தச் சனிக்கிழமையும் எத்தோரே வருவார். அவரிடம் நீ சொல்ல வேண்டியதை நான் உனக்காகச் சொல்ல மாட்டேன். உனக்கு வருகிற இத்தாலிய மொழியில் நீயே சொல். எங்கேயாவது வார்த்தை கிடைக்காமல் நின்றால் என்னைக் கேள். பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.

டோம்னிகா